எட்டும் பிழைத்த தாள்

அத்தியாயம் ஏழு

எட்டுப் பெயர் எழுதி வைத்தவனுக்கு இரண்டு பிழையாய்ப் போனால் ஊர் தட்டிக்கொடுக்கும். ஐந்து பிழைத்தால் பகிடி பண்ணும். எட்டும் பிழைத்தால் என்ன பண்ணும் என்பதை உட்துறைமுக வீதி நேற்றிலிருந்து காட்டிக்கொண்டிருந்தது. மீன் ஏலம் கூறுகிறவனிலிருந்து மூதூர்ப் படகுக்கு டிக்கட் கிழிக்கிறவன் வரை டெனிஸ் தரை கூட்டுகிற பேணாட்டின் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் ஹஸ்மியும் சிரித்தான். இரண்டு தடவை.

இப்போது அந்தப் பேணாட்டின் மகள் நிரோஷினி அவனுக்கு முன்னால் கதிரையில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஹஸ்மிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கயிற்றுக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் ஸுல்பிகாவின் அலுவலகம். கப்பல் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் சேதம் பார்த்தவள் அவள். சீனி மூட்டை கடலில் நனைந்ததா கிணற்றுத் தண்ணீரில் நனைந்ததா என்று நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவாள். வேலையை விட்டபிறகு ஊராருடைய பொய்களை நாக்கில் வைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். ஹஸ்மி அவளுக்கு உதவியாள், ஓட்டோச் சாரதி, தேத்தண்ணி வாங்கி வருகிறவன். வாய் காட்டுவதை மட்டும் சம்பளமில்லாமல் செய்துவந்தான்.

"முதல்ல இருந்து சொல்லு பிள்ளை," என்றாள் ஸுல்பிகா. "இவனுக்கு டெனிஸ் எண்டா என்னெண்டே தெரியா."

"தெரியும் ராத்தா. பந்து வலையில படக்கூடாது. எங்கட ஆக்கள் வலையில படுறதை வச்சுத்தான் சோறு தின்னுறாங்க. அதால எனக்குப் பிடிக்கேல்ல."

நிரோஷினி சிரிக்கவில்லை. பதினேழு வயது. வெயிலில் கறுத்து, தோள் அகன்று, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவள் சொன்னது இவ்வளவுதான்.

துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் உட்துறைக் கழகம் இருக்கிறது. கழகத்துக்கு ஒரேயொரு களிமண் ஆடுகளம். புற்றுமண்ணும் இடித்த ஓட்டுத்தூளும் கலந்து போட்ட சிவந்த தரை. அது காய்ந்து வெடிக்காமல் உப்புத் தூவி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, பழைய மீன்வலையால் கூட்டிப் பத்தொன்பது வருடமாக அதைப் பராமரிக்கிறவர் பேணாட். தரைக்குப் பின்னால் இரண்டு அறைக் குடியிருப்பில் தாயில்லாத மகளோடு வாழ்கிறார்.

ஒவ்வொரு வருடமும் பாரிஸில் நடக்கும் பெரிய களிமண் தரைப் போட்டிக்கு முன்னால் கழகத்தில் கணிப்பு நடக்கும். பெண்கள் ஆட்டத்தில் காலிறுதிக்கு வரப்போகும் எட்டுப் பேரை ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிப் பிஸ்கட் டின்னில் போடவேண்டும். போடும் நாள் புதன்கிழமை. யார் யாரோடு மோதுவது என்ற குலுக்கல் பாரிஸில் நடப்பது மறுநாள் வியாழன். குலுக்கலுக்கு முன்னாலேயே எழுதவேண்டும் என்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. முதலாவதாக வருகிறவர் கழகத்திடம் ஏதாவது ஒன்று கேட்கலாம், கழகம் மறுக்கக்கூடாது. கடைசியாக வருகிறவர் எல்லோரும் பார்த்திருக்க ஒரு நாள் தரையைக் கூட்டவேண்டும்.

இதெல்லாம் அங்கத்தவர்களுக்கு. பேணாட் வேலைக்காரன். பத்தொன்பது வருடமும் பின்பக்கத்தால் வந்து அவரிடம் பெயர் கேட்டுப்போன அங்கத்தவர்கள், அந்தச் சேர்மார், முன்வாசலில் நின்று பரிசு வாங்கினார்கள்.

"இந்த வருசம் பப்பாவையும் சேர்த்தவை," என்றாள் நிரோஷினி. "செக்கிரட்டரி தனஞ்சயன் சேர்தான் சேர்த்தவர். வெண்டா பப்பாவும் ஒண்டு கேக்கலாமாம். கடைசியா வந்தா, தரை கூட்டுறது அவருக்குத் தண்டனை இல்லைத்தானே, அதால திறப்பைக் குடுத்திட்டு வீட்டை விட்டு வெளிக்கிடவேணுமாம். எல்லாரும் கைதட்டினவை."

"பப்பா என்ன கேக்க இருந்தவர்?"

"எனக்கொரு கடிதம்."

கொழும்பில் ஒரு பயிற்சிக்கூடம். ஏதாவதொரு கழகம் சிபார்சுக் கடிதம் கொடுத்தால்தான் உள்ளே எடுப்பார்கள். பதினெட்டு வயதுக்குமேல் எடுக்கமாட்டார்கள். ஜூலையில் அவளுக்குப் பதினெட்டு. கடிதம் போய்ச் சேரவேண்டிய கடைசி நேரம் இன்று பின்னேரம் நாலு மணி. சுவர் மணிக்கூட்டில் ஒன்று ஐம்பது.

"நேற்று டின்னைத் தோண்டி எடுத்தவை. பப்பாவின்ட தாளில எட்டும் பிழை. புதன்கிழமை அவர் எழுதேக்க நான் பக்கத்தில இருந்தனான் அக்கா. அது வேற எட்டுப் பேர். அதில ஏழு பேர் இப்ப காலிறுதியில நிக்கினம்."

"தோண்டி எடுத்ததோ?" என்றான் ஹஸ்மி. "டின்னுக்கு மௌத்தாகி அடக்கமும் நடந்ததோ?"

டின்னை ஒரு காலத்தில் அலுமாரியில்தான் வைத்தார்களாம். அலுமாரிப் பூட்டின் திறப்பு வைத்திருந்தவரே மூன்று வருடம் தொடர்ந்து வென்றார். அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது. வலைக்கு நேர்கீழே, ஒரு முழ ஆழத்தில், டின்னைப் புதைத்து மேலே தரையை இறுக்கிவிடுவார்கள். களிமண் தரை எதையும் மறைக்காது. பந்து விழுந்தாலும் தடம், காகம் நடந்தாலும் தடம். இதைவிட நல்ல பூட்டு இலங்கையிலேயே இல்லை என்று கழகத்துக்குப் பெருமை.

"பப்பா என்ன சொல்லுறார்?"

"தன்ட எழுத்துத்தானாம். வயசு போட்டுதாம், பிழைச்சிட்டுதாம்." அவள் முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள். "பொய். அவர் தனஞ்சயன் சேருக்குப் பயத்தில சொல்லுறார். பப்பா எழுதுறது ஸ்கோர் பலகை எழுத்து, ஆரும் பார்த்து எழுதலாம். அக்கா, தாளை மாத்தினது எண்டு நாலு மணிக்கு முதல் நீங்கள் காட்டினா எனக்குக் கடிதம் கிடைக்கும். இல்லாட்டி எனக்கு ஒண்டுமில்லை."

ஸுல்பிகா அவளுடைய போனில் இருந்த தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பாரிஸ் குலுக்கல் அட்டவணையை ஹஸ்மியின் போனில் எடுக்கச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பத்து நிமிடம் ஒரு கதையுமில்லை. ஹஸ்மிக்குப் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய காரியம்.

"ஹஸ்மி, கப்பல் வேலையில நான் படிச்சது ஒண்டுதான். நட்டம் எப்பவும் அரைகுறையாத்தான் வரும். நூறு மூட்டை நனைஞ்சா ரெண்டு மூட்டை எப்பிடியோ காய்ஞ்சு கிடக்கும். நூறும் நனைஞ்சிருந்தா ஆரோ நனைச்சது."

"எட்டும் பிழைச்சா?"

"அதேதான். இந்த எட்டுப் பேரும் காலிறுதிக்கு வராம விட்டது மட்டுமில்லை. எட்டுப் பேரும் முதல் ஆட்டத்திலேயே தோத்து வீட்ட போனவளுகள். இஞ்ச பார். உலகத்தில முதல் எட்டு இடத்தில இருக்கிறவளுகளை ஒருத்தியோட ஒருத்தி மோதாம அட்டவணையில பிரிச்சு வச்சிருக்கிறாங்க. முதலாம் இடத்துக்காரியோட முதல் நாள் மோதினவள் ஆர்?"

ஹஸ்மி அட்டவணையில் விரலை ஓட்டினான். "இந்தப் பிரேசில்காரி."

"தாளில முதல் பேர்?"

பிரேசில்காரி. இரண்டாம் இடத்துக்காரியோடு மோதியவள் தாளில் இரண்டாவது. நாலாம் இடத்துக்காரியோடு மோதியவள் மூன்றாவது. ஹஸ்மியின் விரல் நின்றுவிட்டது.

"பலியாடுகளா பார்த்துப் பொறுக்கி எழுதியிரிக்கி," என்றான்.

"குலுக்கல் நடந்தது வியாழன் பின்னேரம் எங்கட அஞ்சரை மணிக்கு. அதுக்குப் பிறகு எழுதின தாள் இது. புதன்கிழமை புதைச்ச டின்னுக்குள்ள எப்பிடி வந்தது?"

நிரோஷினி எழும்பிவிட்டாள். "வாங்கோ, கமிட்டியிட்டச் சொல்லுவம்."

"இரு பிள்ளை. ரெண்டு இடிக்குது. எட்டுப் பேரில ஆறு பேர்தான் அப்பிடி. மூண்டாம் இடத்துக்காரியோட மோதினவளும் ஏழாம் இடத்துக்காரியோட மோதினவளும் தாளில இல்லை. அந்த இடத்துக்கு வேற ரெண்டு பேர்."

"ஆறு போதாதா ராத்தா? முப்பத்தஞ்சு எடுத்தாலே எங்களுக்குப் பாஸ்."

"நீ பாஸ் பண்ணினதோ?"

"நான் சோதினை எழுத வரேல்ல. அதால ஃபெயிலுமில்லை."

கச்சான் காற்று வீதியைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஓட்டோ மேட்டில் ஏறும்போது நிழல் தேடி வந்த மான் இரண்டு கழகத்து மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றன. திருகோணமலையில் மானுக்கு ஆரும் ஹோர்ன் அடிப்பதில்லை. ஹஸ்மி சுற்றிக்கொண்டு போனான்.

தனஞ்சயன் மின்விசிறிக்கு நேர்கீழே இருந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல பல். ஸுல்பிகா வந்த காரியத்தைச் சொன்னதும் அந்தப் பல் முழுவதும் தெரிந்தது.

"நான் மாத்தினனானாம். சரி. என்னெண்டு மாத்தினனான்?"

"பிள்ளை சொன்னா, சனிக்கிழமையிலயிருந்து கேற்றுத் திறப்பு உங்களிட்டத்தானே சேர் இருந்தது," என்றான் ஹஸ்மி. "பத்து நாள். பத்து நாளில ஆள் கிணறே தோண்டலாம்."

"தம்பி ஓட்டோ ஓட்டுறவரோ? வடிவா ஓட்டும். யோசிக்கிற வேலை வேண்டாம்." தனஞ்சயன் தன் போனை நீட்டினார். "நேற்றுக் காலமை கேற்றைத் திறந்த உடன எடுத்த படம். பத்து நாள் ஒருத்தரும் உள்ளுக்குக் கால் வைக்கிறதில்லை, கூட்டுறதுமில்லை. அதுதான் எங்கட வழக்கம். பாருங்கோ. இலை, மான் தடம், வேற என்ன இருக்கு? உப்பு நக்க வேலி ஓட்டையால மான் வரும். நான் தோண்டியிருந்தா அந்தத் தரையே என்னைக் காட்டிக் குடுத்திருக்கும்."

படத்தில் சிவந்த தரை முழுக்க மான் குளம்புகள். வலைக்குக் கீழேயும் குளம்புகள்தான். மண் எங்கேயும் இளகவில்லை.

"சனிக்கு முதல் நாள்?" என்றாள் ஸுல்பிகா.

"வெள்ளியோ? வெள்ளிக்கிழமை பேணாட் அரைநாள் தரையை மூடி வச்சு உருளை இழுத்தவர். வலையடியில மான் கிளறிப்போட்டுதாம்." தனஞ்சயன் கதிரையில் சாய்ந்தார். "மிஸ், அந்த ஆளின்ட பிரச்சினை இதுதான். பின்பக்கத்தில இருக்குமட்டும் கெட்டிக்காரன். முன்னுக்குக் கொண்டுவந்து விட்டா எட்டும் பிழை. இண்டைக்கு ஆறு மணிக்குத் திறப்பு என்ட மேசையில இருக்கவேணும். இறக்கக்கண்டியில தமையன்ட மீன்வாடிக் கொட்டில் ஒண்டு இருக்காம். நல்ல காத்து."

வாசலில் நின்ற நிரோஷினியையும் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். ஹஸ்மிக்கு அந்த வெள்ளைச் சட்டையில் தேத்தண்ணி ஊற்றவேண்டும் போலிருந்தது. தேத்தண்ணி தர அங்கே ஒருவருமில்லை.

படியிறங்கும்போது ஸுல்பிகா கேட்டாள். "ஹஸ்மி, மான் கிளறுமா?"

"மான் நக்கும். மேயும். குப்பைக்குள்ள சோத்துப் பார்சலை இழுக்கும். கிளறுறது பன்றி."

"ஒரு கழகம் முழுக்க அதை நம்பியிரிக்கி."

"தரை கூட்டுறவன் சொன்னா தரையைப் பத்தின கதை சரியாத்தானே இருக்கும் எண்டு விட்டிருப்பாங்க."

சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது ஹஸ்மிக்கு விளங்கியது. தோண்டினால் தரை காட்டிக்கொடுக்கும். ஆனால் தோண்டிய இடத்தைத் தண்ணீர் தெளித்து, உப்புப் போட்டு, உருளை இழுத்துப் பழையபடி ஆக்கத் தெரிந்த ஒருவன் இந்தத் துறைமுகத்தில் இருக்கிறான். பூட்டை நம்பிய கழகம் பூட்டுக்காரனை எண்ணவே மறந்துவிட்டது. எண்ண என்ன இருக்கிறது, பத்தொன்பது வருடம் அவன் போட்டியிலேயே இல்லையே.

"ராத்தா, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சர்பத் வாங்கிக் குடுக்கட்டா?"

"வேண்டாம். நிக்கட்டும். அவதானே எங்களைக் கூப்பிட்டவ."

ஸுல்பிகாவிடம் ஹஸ்மிக்குப் பிடிக்காத குணம் இதுதான். சேதம் பார்க்க வந்தால் சொந்தக்காரனைப் பக்கத்தில் நிறுத்திவைத்துத்தான் மூட்டையைக் கிழிப்பாள்.

பேணாட் களத்தில் மீன்வலையை இழுத்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குப் போகப்போகிற மனிதன் மூன்று மணி வெயிலில் தரையை வகிடெடுத்த மாதிரிக் கூட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள். கால்விரல் இடுக்கெல்லாம் சிவப்பு.

"வெள்ளிக்கிழமை டின்னைத் தோண்டித் தாளை மாத்தினது நீங்கள்தான்," என்றாள் ஸுல்பிகா. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

வலை நின்றது. பேணாட் மகளைப் பார்த்தார்.

"பப்பா இல்லை," என்றாள் நிரோஷினி. "அவர் ஏன் மாத்தவேணும்? அவர்ட தாள் வெல்லப்போற தாள்."

"கேள் பிள்ளை. குலுக்கலைப் பார்த்துத் தோக்கிற தாள் எழுத நினைச்ச எவனும் முதல் எட்டுப் பேரோட மோதினவளுகளை அப்பிடியே எழுதி முடிச்சிருப்பான். இந்த ஆள் ரெண்டு பேரை விட்டிட்டார். மூண்டாம் இடத்துக்காரியோட மோதினவள், ஏழாம் இடத்துக்காரியோட மோதினவள். ஏன் விட்டவர்? அந்த ரெண்டு பேரும் வெண்டவளுகள். மூண்டாம் இடத்துக்காரியும் ஏழாம் இடத்துக்காரியும் முதல் நாளே விழுந்தாங்க. உலகமே வாயைப் பிளந்தது."

"வெண்ட பிறகு பார்த்து எழுதியிருக்கலாமே," என்றாள் நிரோஷினி.

"பாரிஸில முதல் பந்து அடிச்சது ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தரையில கடைசியா உருளை ஓடினது வெள்ளிக்கிழமை. பிறகு மானைத் தவிர ஆரும் வரேல்ல. ரெண்டு நாளுக்கு முதலே அந்த ரெண்டு பேரும் விழுவாங்க எண்டு தெரிஞ்ச ஆள்தான் இதை எழுதியிரிக்கி. தனஞ்சயனுக்கு அவ்வளவு அறிவில்லை. அப்பிடியொரு ஆள் இந்த ஊரில ஒருத்தர்தான்."



"மூண்டாம் இடத்துக்காரி இடது காலில சறுக்கப் பயப்பிடுறாள்," என்றார் பேணாட், ஆருக்கோ பாடம் சொல்வதுபோல. "ஏப்ரலில இருந்து பார்க்கிறன். ஏழாம் இடத்துக்காரி பந்தைத் தட்டையா அடிக்கிறவள். ஈரத் தரையில அது எழும்பாது." பிறகு தலையைக் குனிந்தார். "ஓம் மிஸ். நான்தான்."

"பழைய தாள்?"

"எரிச்சிட்டன்."

"ஏழு சரி வந்த தாளை எரிக்கிற மனம் எந்தக் கணிப்புக்காரனுக்கும் வராது. சட்டைப் பையைக் காட்டுங்கோ."

பேணாட் பையிலிருந்து அந்தோனியார் படத்தை எடுத்தார். படத்துக்குப் பின்னால் நாலாக மடித்த தாள். நிரோஷினி அதைப் பிடுங்கி விரித்தாள். அவள் பக்கத்திலிருந்து பார்த்த அதே எட்டுப் பெயர்கள்.

"ஏன் பப்பா?"

பேணாட் வலைக்கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"வியாழக்கிழமை அந்த மட்டக்களப்புப் பிள்ளையோட விளையாடினனி. அஞ்சுக்கு ஒண்டு எண்டு முன்னுக்கு நிண்டனி. அந்தப் பிள்ளை அழத் தொடங்கினது. பிறகு நீ தோத்துப்போனாய்."

"அதுக்கென்ன? ஒரு நாள் தோக்கிறதுதானே."

"தரையைக் கூட்டினது நான், பிள்ளை. கூட்டமுதல் பார்த்தனான். அந்தப் பிள்ளையின்ட மூண்டு பந்து உன்ட பக்கம் கோட்டுக்கு வெளியில விழுந்திருக்கு. தடம் கிடந்தது. நீ போய்த் தடத்தைப் பார்த்திட்டு, சப்பாத்தால அழிச்சுப்போட்டு, உள்ளுக்கு எண்டு சொன்னனி. மூண்டு தரம்." அவர் மூன்று விரல் காட்டினார். "உனக்குக் கை இருக்கு, கால் இருக்கு. கல்மனம் மட்டும் இல்லை. எதிர்ப்பக்கம் அழுதா உனக்கு இரக்கம் வருது. கொழும்பில உன்னை அரைச்சுப்போடுவினம். நான் எத்தினை பிள்ளையளைப் பார்த்திட்டன். எனக்கு உடன தெரியும்."

"என்ன தெரியும்?"

பேணாட் காலால் ஒரு மண்கட்டியை நசுக்கினார்.

"சொல்லுங்கோ பப்பா. நீங்கள் ஆருக்கும் பொய்க் கணிப்புச் சொன்னதில்லை. நான் எதுவரைக்கும் போவன்?"

"முதல் சுற்று," என்றார் பேணாட்.

ஹஸ்மி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வெண்டா கடிதம் கேக்கிறன் எண்டு உனக்குச் சத்தியம் பண்ணிப்போட்டன். கேக்காம விட ஏலாது. அதால வெல்லாம விட்டன். ஒண்டு ரெண்டு பிழைச்சா தற்செயல் எண்டு நீ அடுத்த கழகத்துக்கு ஓடுவாய். எட்டும் பிழைச்சா எனக்குக் கணிக்கிற கண்ணே போட்டுது, உன்னைப் பத்தி நான் சொன்னதும் பிழை எண்டு நினைச்சு இந்த ஆசையை விட்டிடுவாய் எண்டு பார்த்தனான். வீடு போனாலும் பரவாயில்லை. நீ அங்க போய் நொறுங்கிறதைப் பார்க்க என்னால ஏலாது."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அழுவாய்."

"இப்ப அழுதனானோ?"

அவள் அழவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதுதான் ஹஸ்மிக்குப் பயமாக இருந்தது. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஸுல்பிகாவிடம் திரும்பினாள்.

"அக்கா, இந்தத் தாள்தான் புதன்கிழமை போட்டது எண்டு என்னெண்டு நம்பப் பண்ணுறது? நேற்று எழுதினது எண்டு சொல்லுவினம்."

ஸுல்பிகா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுகிற வழக்கம் அவளிடம் இல்லை. "எட்டாவது பேரைப் பார். அந்தக் கனடாக்காரியும் நாலாவதா எழுதின செக் நாட்டுக்காரியும் குலுக்கலில ஒரே மூலைக்குள்ள விழுந்தவளுகள். காலிறுதிக்கு அதில ஒருத்திதான் வர ஏலும். ஒருத்தி மற்றவளை வெட்டிப்போட்டாள். குலுக்கலைப் பார்த்த ஆள் அப்பிடி எழுதமாட்டான். அந்தப் பிழைதான் இதுக்குச் சாட்சி."

"மணி?"

"மூண்டு முப்பத்தஞ்சு," என்றான் ஹஸ்மி.

தூணில் தொங்கிய திறப்புக் கோர்வையை நிரோஷினி எடுத்தாள். தகப்பனைக் கேட்கவில்லை. ஈரம் காயாத தரைக்கு நடுவால் நேராகக் கழகத்துப் படியை நோக்கி நடந்தாள். ஸுல்பிகா பின்னால் போனாள். ஹஸ்மி அவளுக்குப் பின்னால்.

தனஞ்சயனின் மேசையில் தாளை வைத்தாள். திறப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சேர், தாளை மாத்தினது என்ட பப்பா. டின்னைத் தோண்டினதும் அவர்தான். அந்தாக்கள் ரெண்டு பேரும் சாட்சி."

தனஞ்சயனுக்கு உடனே சிரிப்பு வரவில்லை. இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"முதல் போட்ட தாள் இது. ஏழு சரி. நேற்று முதலாவதா வந்த உங்கட தாளில அஞ்சு. புதைச்ச தாள்தான் செல்லும் எண்டது உங்கட சட்டம். அதின்படி அவர் வெண்டவர், அவருக்கு ஒரு கடிதம் வரவேணும். தோண்டின ஆள் கழகத்தில இருக்கேலாது எண்டதும் உங்கட சட்டம். அதின்படி அவர் வெளிய போகவேணும்." திறப்பைத் தூக்கிக் காட்டினாள். "உங்களுக்கு இது வேணும். எனக்குக் கடிதம் வேணும். கடிதம் இல்லையெண்டா, இவ்வளவு வருசமா எந்தெந்தச் சேர் பின்பக்கத்தால வந்து எந்தெந்தப் பேர் வாங்கினவர் எண்டு நான் வீதியில நிண்டு சொல்லுவன். நான் கதவு திறந்து விட்ட ஆள். எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு."

தனஞ்சயன் தாளைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், ஸுல்பிகாவைப் பார்த்தார். ஸுல்பிகா ஓம் என்று தலையாட்டினாள்.

"கள்ளன் எண்டு எழுதித்தான் அந்தாளை அனுப்புவன்," என்றார் தனஞ்சயன். "நோட்டீஸ் பலகையில போடுவன். சம்மதமோ?"

"போடுங்கோ."

"அவர் எங்க போவார்?"

"இறக்கக்கண்டிக்கு. நல்ல காத்து எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

கடிதம் மூன்று ஐம்பத்திரண்டுக்குப் போனது. போனதென்று திரையில் காட்டும்வரை திறப்பை அவள் கையிலிருந்து விடவில்லை.

படியிறங்கி வந்தபோது பேணாட் அதே இடத்தில் நின்றார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். அவள் அவருக்கு முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"அஞ்சு மணிக்குப் பஸ் இருக்கு பப்பா. சாமானை நான் கட்டிறன்."

உள்ளே போனாள். அலுமாரிக் கதவு திறபடும் சத்தம் கேட்டது.

"நீங்கள் செய்தது பிழை ராத்தா," என்றான் ஹஸ்மி மெதுவாக. "அந்தப் பிள்ளையை நிப்பாட்டி வச்சுக் கேட்டிருக்கக்கூடாது."

ஸுல்பிகா மறுக்கவில்லை. "பிழைதான்," என்றாள்.

பேணாட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டி முடித்த சிவப்பில் மகள் நடந்துபோன அடிகள் ஒரே நேராகக் கிடந்தன. எங்கேயும் தயங்கவில்லை, எங்கேயும் திரும்பவில்லை. அவர் குந்தியிருந்து ஒரு அடியின் குதிப் பள்ளத்தை விரலால் அளந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாயோ சிரித்துக்கொண்டிருந்தது. இப்படியொரு முகத்தை ஹஸ்மி அதற்கு முன் கண்டதில்லை, இனிக் காணவும் விரும்பவில்லை.

"நான் பிழைச்சிட்டன் மிஸ்," என்றார். "பத்தொன்பது வருசத்தில முதல் தரம், ஒரு ஆளை நான் பிழையாக் கணிச்சிட்டன்."

"எதில பிழை?" என்றாள் ஸுல்பிகா.

"அந்தக் கல்மனம் அவளிட்ட இல்லையெண்டுதானே நினைச்சனான்." அவர் எழுந்து வலைக்கயிற்றைத் தோளில் போட்டார். "இனி அவளோட விளையாட வாற பிள்ளையள்தான் பாவம்."

அந்த அடிகளை மட்டும் விட்டுவிட்டு மீதித் தரையைக் கூட்டத் தொடங்கினார். அஞ்சு மணிப் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.